சீசாவின் நீரும் காற்றும்: இல்லாத கூடத்துக்கு இசை அமைப்பது

பலெர்மோ நகரின் மேற்கே, பழைய மதிலுக்கு வெளியே, சீசா என்றொரு அரண்மனை நிற்கிறது. சிசிலியை ஆண்ட நார்மன் அரசர் முதலாம் வில்லியம் 1165 வாக்கில் தொடங்கிய கட்டடம் அது. அவர் மகன் இரண்டாம் வில்லியம் காலத்தில் கட்டி முடித்தார்கள். கட்டச் சொன்னவர்கள் கிறிஸ்தவ அரசர்கள், கட்டிய கை அரபு மரபில் தேர்ந்த கை. வெயில் காலத்தில் அரசர் வந்து தங்கும் வீடு என்பதால் கட்டடமே குளிர்ச்சிக்காகத் திட்டமிடப்பட்டது. முகப்பு கடலைப் பார்த்திருக்கிறது. முன்னால் ஒரு குளம் வெட்டினார்கள். குளத்தின் ஈரத்தை வாங்கிக்கொண்ட கடற்காற்று கீழ்த்தளத்து வளைவுகள் வழியே உள்ளே நுழையும்; சூடேறிய காற்று சுவருக்குள் விட்ட புகைபோக்கி போன்ற குழாய்களின் வழியே மேலே போய்விடும்.

வீட்டின் உயிர்நாடி கீழ்த்தளத்து நீரூற்றுக் கூடம். எதிர்ச்சுவர் மாடத்தில் மொசைக் வேலைப்பாடு, அதன் கீழே நீர் வரும் வாய். நீர் அங்கிருந்து, நெளிவரிகள் செதுக்கிய சாய்ந்த பளிங்குப் பலகையில் வழிந்து இறங்கி, தரையில் வெட்டிய ஒடுங்கிய வாய்க்காலில் ஓடி, இடையில் சதுரத் தொட்டிகளில் சற்றுத் தங்கி, வாசலைத் தாண்டி வெளிக்குளத்தில் கலக்கும். மாடங்களின் மேற்புறத்தில் தேன்கூட்டு அறைகளை அடுக்கியதுபோல முகர்னாஸ் என்ற செதுக்கு வேலை. கூடத்தின் நுழைவளைவில் பிற்காலத்தில் தீட்டிய உருவங்களைப் பலெர்மோக்காரர்கள் சீசாவின் பேய்கள் என்கிறார்கள். அவற்றை யார் எண்ணினாலும் ஒரு முறை வந்த கணக்கு மறுமுறை வராதாம். கணக்கு உதைக்கும் இடங்களில் அந்தப் பேய்களை இழுத்துப் பேசுவது அந்த ஊர் வழக்கம்.

இப்படி ஒரு கூடத்தை மெய்நிகர் வெளியில் எழுப்புவது இன்று பெரிய காரியம் இல்லை. லேசர் வருடியும் கேமராவும் இருந்தால் கல்லின் கீறல் வரை பதிந்துவிடலாம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டொரண்டோவில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் அங்கே நடக்கலாம். காதில் என்ன கேட்க வேண்டும் என்று வரும்போதுதான் வேலை தடுமாறுகிறது. பெரும்பாலும் கடைசி வாரத்தில், மிச்சமிருக்கும் பணத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள். நம்மூர் ஸ்டுடியோ பேச்சில் சொன்னால், ‘கீழே ஒரு பேட் போட்டுவிடு’ என்பதோடு விஷயம் முடிந்துவிடும். சின்தசைசரில் நீண்டு இழுபடும் ஒரு நாதம், அதன்மேல் பெரிய தேவாலயத்து முழக்கம் (ரிவர்ப்), அவ்வப்போது ஒரு புல்லாங்குழல். அரபுக் கட்டடமாக இருந்தால் ஊது என்ற தந்திக்கருவி, தமிழ்க் கோயிலாக இருந்தால் வீணை. இந்தச் சுலபவழி ஏன் சரிப்படாது, வேறு வழிகள் எவை, யார் யார் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. உரைகல்லாக சீசாவையே வைத்துக்கொள்கிறேன்.

அறைகலன் இசையும் அறைகலன் ஆலையும்

கவனித்துக் கேட்பதற்காக அல்லாமல், இருக்கும் இடத்தோடு இருக்கட்டும் என்று இசை எழுதிய முன்னோடி பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தி. நாற்காலி, மேசைபோல அறையில் ஓர் ஓரமாக இருக்கும் ‘அறைகலன் இசை’ என்று 1917-இல் அதற்குப் பெயர் வைத்தார். 1920 மார்ச்சில் பாரிஸ் ஓவியக்கூடம் ஒன்றில், நாடக இடைவேளையில் அதை வாசித்தபோது கூட்டம் அமைதியாக உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிட்டது. பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று சத்தி கெஞ்சிப் பார்த்தும் பலிக்கவில்லை. நல்ல இசை கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அங்கேயும் பழகிப்போன ஒழுக்கம்.

இதில் ஒரு வேடிக்கைப் பொருத்தம். சீசா அரண்மனைக்குப் பக்கத்திலேயே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டுக்ரோ அறைகலன் ஆலை ஓடியது. கட்டடக் கலைஞர் எர்னெஸ்தோ பசீலே வரைந்து கொடுக்க, மாளிகைகளுக்கும் கப்பல்களுக்கும் அங்கே சாமான்கள் செய்தார்கள். ஆலை மூடிப் பாழான பிறகு 1990-களில் அந்தக் கொட்டகைகள் ‘சீசா பண்பாட்டுப் பட்டறைகள்’ என்ற பெயரில் ஓவியக்கூடம், திரையரங்கு, திரைப்படப் பள்ளி, கச்சேரி இடம் என்று மறுபிறவி எடுத்தன. ஆக, நீருக்கும் காற்றுக்கும் கட்டிய அரண்மனை ஒரு பக்கம், நாற்காலி மேசை செய்த ஆலை மறுபக்கம். சத்தி பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

சத்தியின் வழியில் வந்து, இன்று ஆம்பியன்ட் என்று நாம் சொல்லும் சூழல் இசை வகைக்குப் பெயர் சூட்டியவர் பிரையன் ஈனோ. 1978-இல் விமான நிலையங்களுக்கென்று அவர் வெளியிட்ட இசைத்தட்டில், பெண் குரல்களின் ஒற்றைச் சுரங்களை வெவ்வேறு நீளமுள்ள நாடாச் சுழல்களில் ஓடவிட்டார். ஒரு சுழல் 23½ விநாடிக்கு ஒருமுறை திரும்பும். இன்னொன்று 25⅞ விநாடி. மூன்றாவது 29 15⁄16 விநாடி. இந்த மூன்றும் தொடங்கிய நிலைக்கே மறுபடி சேர்ந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 27 நாள் வருகிறது. கையில் இருப்பது மூன்றே சுரம். சுழற்சியின் நீளத்தை மட்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வைத்ததால் ஒரு மாதத்துக்குத் திரும்பாத இசை கிடைத்துவிட்டது. பின்னால் வந்த தானியங்கு இசை மென்பொருள்கள் எல்லாம் இந்தச் சிக்கனத்தின் பிள்ளைகள்தாம். ஈனோவே 1996-இல் கோவான் என்ற மென்பொருளைக் கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறாக ஒலிக்கும் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்.

ஜப்பானில் ஹிரோஷி யோஷிமுரா 1982-இல் வெளியிட்ட இசைத்தட்டு டோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தோடு பிணைந்தது. நியூயார்க்கில் மேக்ஸ் நியூஹாஸ் 1977-இல் டைம்ஸ் சதுக்கத்து நடைபாதைக் கம்பி வலைக்கு அடியில் ஒரு ரீங்காரத்தைப் பொருத்திவைத்தார். பெயர்ப்பலகையும் இல்லை, விளக்கமும் இல்லை. நம் கேள்விக்கு மிக நெருங்கி வருவது, இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண் நாத்தின் மாணவர்களான லா மோன்ட் யங், மரியன் ஸசீலா இருவரும் அதே நகரில் நிறுவிய ‘கனவு இல்லம்’. அங்கே மின்னணு நாதங்கள் மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. அறைக்குள் ஒலி அலைகள் மோதி நிலைபெறுவதால், நீங்கள் தலையைச் சற்றுத் திருப்பினாலே கேட்கும் சுரக்கலவை மாறிவிடும். இசை அசையாது, கேட்பவர் அசைவார். மெய்நிகர் வெளிக்கு எழுதுபவர் மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் பாடமாகக் கொள்ள வேண்டும்.

காது என்ன கேட்கிறது

ஹெட்செட்டில் ஒலியை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, தலையோடு ஒட்டிய ஒலி: எங்கே திரும்பினாலும் கூடவே திரும்பும். மற்றது, இடத்தோடு ஒட்டிய ஒலி: தண்ணீர் இடப்பக்கம் இருந்தால், இடப்பக்கம் திரும்பியதும் அது எதிரே வந்துவிடும். முன் சொன்ன ‘பேட்’ முதல் வகை. சினிமாவில் அது பழுதில்லை. அங்கே உட்கார்ந்த இடத்தை விட்டு யாரும் எழப்போவதில்லை. மெய்நிகர் கூடத்தில் அது கண்ணுக்கும் காதுக்கும் சண்டை மூட்டிவிடும். கண் நடக்கிறது, காது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. ஏ. ஆர். ரஹ்மான் இயக்கி 2022-இல் கான் விழாவில் காட்டிய ‘லே மஸ்க்’ மெய்நிகர்ப் படம், அசையும் நாற்காலி, வாசனை என்று பல புலன்களைக் கூட்டிச் சேர்த்த முயற்சி. ரோமில் படமானது, 36 நிமிடம். ஆனாலும் அது படம்தான்: எப்போது என்ன நடக்கும் என்பதை இயக்குநர் வகுத்துவிடுகிறார். கூடம் அப்படியல்ல. ஒருவர் வாசலில் அரை நிமிடம் நின்று திரும்பிவிடுவார். இன்னொருவர் மாடத்துக்கு அடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் இசை முழுமையாக இருக்க வேண்டும்.

இடத்தோடு ஒட்டிய ஒலிக்கான கருவிகள் ஐம்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்தவை. பிரிட்டனில் மைக்கேல் கெர்சன் 1970-களில் வகுத்த ஆம்பிசானிக்ஸ் முறையில் ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள ஒலிவெளியை நான்கு தடங்களில் அடக்கிவிடலாம்; திசைத் தெளிவு கூட வேண்டுமானால் மூன்றாம் படிக்குப் போக வேண்டும், அதற்கு 16 தடம். இதை ஹெட்போனுக்கு இறக்கும்போது காதுமடலின் வேலையைக் கணினி போலி செய்கிறது. ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒரு காதைத் தொட்ட பின் மறு காதைத் தொட அதிகபட்சம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் முக்கால் பங்குகூட ஆகாது; மூளை அதை வைத்தே திசை சொல்லிவிடுகிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்பதற்கு மட்டும் மடலின் மடிப்புகள் தேவை. 1994-இல் எம்ஐடி ஆய்வகத்தில் ஒரு பொம்மைத் தலையைச் சுற்றி 710 இடங்களில் ஒலிபெருக்கியை வைத்து அளந்தார்கள். அந்த அளவீடுகள் பல ஆண்டுகள் உலகெங்கும் புழங்கின. எண்ணற்ற பேர் அந்த ஒரு பொம்மையின் காதால் கேட்டார்கள். உங்கள் காதுமடல் அந்தப் பொம்மையின் மடல்போல இல்லையென்றால் எதிரே விழும் நீர் முதுகுக்குப் பின்னால் விழும். எனவே, மேல்-கீழ், முன்-பின் வித்தியாசத்தை மட்டும் நம்பி இசையின் முக்கியமான திருப்பம் எதையும் வைக்கக்கூடாது என்பது என் கட்சி.

அடுத்தது அறை. ஓர் அறையின் பதிலைக் கையோடு எடுத்து வரலாம். கூடத்தில் ஒரு பலூனை உடைக்கிறோம். அந்த ஒரு கணச் சத்தத்துக்குக் கல்லும் கூரையும் தரும் பதிலைப் பதிவுசெய்கிறோம். பிறகு எந்தக் குரலையும் அந்தப் பதிவோடு கணிதமுறையில் பிணைத்தால் அது அந்தக் கூடத்தில் பாடியதுபோலவே ஒலிக்கும். சவுண்ட் இன்ஜினியர்கள் இதைக் கன்வல்யூஷன் ரிவர்ப் என்பார்கள். பலூனுக்குப் பதிலாக, அடிச்சுரத்திலிருந்து மேல்வரை சீராக ஏறும் நாதத்தை இசைத்து அளக்கும் துல்லிய முறையை 2000-இல் முன்வைத்தவர் இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆஞ்சலோ ஃபரீனா. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் உடைத்த பலூன்கள் இந்தத் துறையில் பேர்போனவை. பத்து விநாடிக்கு மேல் நீளும் அந்தக் கட்டடத்தின் முழக்கத்தை அப்படியே தூக்கி வந்தார்கள். கப்பெல்லா ரொமானா பாடகர் குழு அதற்குள் பாடிய பைசாந்தியப் பாடல்கள் 2019-இல் இசைத்தொகுப்பாக வந்தன.

கட்டடத்தின் காதைச் சோதிப்பது நமக்கும் புதிதில்லை. சி. வி. ராமன் 1921-இல் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் கிசுகிசுப்பு மாடத்தை ஆராய்ந்தார்; பின்பு இந்தியாவில் பிஜாப்பூர் கோல் கும்பாஸ், பாட்னா கோல்கர் ஆகியவற்றின் வளைசுவர்களில் ஒலி எப்படித் தவழ்ந்து போகிறது என்று பார்த்து எழுதினார்.

கட்டடமே இல்லாமல் போய்விட்டால்? அதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 1958 பிரசெல்ஸ் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் கம்பெனிக்காக கட்டடக் கலைஞர் ல கொர்பூசியேயின் அலுவலகத்தில் யானிஸ் செனாகிஸ் வடிவமைத்த அரங்கில், எட்கார் வரேஸின் மின்னணு இசை 300-க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகளின் வழியே சுவரெல்லாம் ஓடியது. அடுத்த ஆண்டே அரங்கை இடித்துவிட்டார்கள். தூரின் நகரத்தில் வின்சென்சோ லொம்பார்தோ தலைமையில் ஒரு குழு, பழைய வரைபடங்களையும் கட்டுப்பாட்டுக் குறிப்புகளையும் துருவி, அதை மெய்நிகரில் மீட்டு எழுப்பியது. இதில் எனக்கு வரேஸைவிட அந்த அரங்கில் கூட்டம் மாறும் இடைவேளைக்குச் செனாகிஸ் செய்த சின்னத் துண்டுதான் முக்கியம். எரியும் கரியின் வெடிப்புகளை நாடாவில் பதிந்து, நறுக்கி, அடர்த்தியைக் கூட்டிக் குறைத்து, இரண்டரை நிமிடத்துக்கு ஓடவிட்டார். சுரம் இல்லை, தாளம் இல்லை. துளித்துளியான ஆயிரக்கணக்கான சின்ன ஒலிகள் சேர்ந்து ஒரு வெளியை நிரப்பின. சீசாவின் நீருக்குப் போகும் பாதை இங்கிருந்து திறக்கிறது.

கூடத்தைக் கணக்கால் கேட்பது

1180 வாக்கில் அந்தக் கூடத்தில் என்ன கேட்டது என்பதற்குப் பதிவு எதுவும் இருக்க முடியாது. இருக்கும் கட்டடமும் அன்றைய கட்டடம் அல்ல. நூற்றாண்டுகளில் மாடிகளும் படிகளும் மாறின. 1971-இல் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 1991-இல்தான் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எனவே இன்று அங்கே பலூன் உடைத்தால் கிடைப்பது இன்றைய கூடத்தின் பதில். அன்றைய பதிலைக் கணக்கால்தான் கேட்க வேண்டும்.

கணக்கு கடினமானதும் அல்ல. ஹார்வர்டின் வாலஸ் சபைன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்த சூத்திரம்: முழக்கம் அடங்கும் நேரம், கொள்ளளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தது. பக்கத்துக்கு 8 மீட்டர் உள்ள கல்லால் ஆன ஒரு கற்பனை அறையை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 512 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 384 சதுர மீட்டர். கல் நூற்றுக்கு மூன்று பங்குதான் ஒலியை விழுங்கும் என்று வைத்தால் முழக்கம் ஏழு விநாடிக்குச் சற்று மேலே நீளும். இப்போது ஒரு சுவரில் 20 சதுர மீட்டருக்கு வளைவு ஒன்றைத் திறந்துவிடுங்கள். திறந்த வாசல் தன்னிடம் வரும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும், திருப்பித் தராது. ஏழு விநாடி 2.7 விநாடியாக இறங்கிவிடுகிறது. கூடத்தின் ஒலியைத் தீர்மானிப்பது கல்லைவிடக் கல் இல்லாத இடம். சீசாவின் நீரூற்றுக் கூடம் குளத்தைப் பார்த்துத் திறந்த கூடம். அதன்மேல் ‘பேராலயம்’ என்று பெயரிட்ட ரிவர்ப்பை அழுத்திப் பூசுகிறவர், வாசல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார். ரிவர்ப்பைக் கொஞ்சம் கூட்டினால் பக்தி வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் பக்திப் பாடல் கேசட்டுகளின் காலத்திலிருந்து நம்மையும் விடவில்லை.

நீருக்கு வருவோம். ஓடும் நீரின் ஒலியில் பெரும்பங்கு, நீருக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் அதிர்வதால் எழுவது. மார்செல் மின்னெர்ட் 1933-இல் இதற்குச் சூத்திரம் தந்தார்: ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி சுமார் 3,300 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், குமிழி பெரிதானால் சுருதி இறங்கும். ஒரு குமிழியின் ஒலி ஒரு சின்னச் சொட்டு. சட்டென்று எழுந்து தேய்ந்துபோகும். இதைக் கணினியில் செய்வது எளிது. பியூர் டேட்டா போன்ற இலவச மென்பொருளில் ஒரு அலையாக்கியும் அதைத் தேயவைக்கும் ஓர் உறையும் போதும். இப்படி நூற்றுக்கணக்கானவற்றைத் தற்செயலான இடைவெளிகளில் தூவினால் ஓடை பிறக்கிறது. பளிங்குப் பலகையின் நெளிவரிகளில் நீர் உடைந்து நொறுங்குவதால் அங்கே சின்னக் குமிழிகள், உயர்ந்த சுருதி. தொட்டியில் விழும் இடத்தில் பெரிய குமிழிகள், தாழ்ந்த சுருதி. வாய்க்காலில் ஏறக்குறைய மௌனம். நடந்து போகிறவருக்கு இதுவே மேல் ஸ்தாயியிலிருந்து கீழ் ஸ்தாயிக்கு இறங்கும் ஒரு வரிசை.

இங்கே எதிர்பாராத ஓர் ஒற்றுமையும் கிடைக்கிறது. 3,300 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 10 சென்டிமீட்டர். ஏறக்குறைய தன் அலைநீளம் உள்ள மேடுபள்ளங்களில் மோதும்போதுதான் ஒலி நன்றாகச் சிதறும். முகர்னாஸ் போன்ற வேலைப்பாட்டில் உள்ளங்கை அகல மடிப்புகள் இருக்குமானால், நீரின் உயர்சுருதி அங்கே பட்டுப் பல திசைக்கும் தெறிக்கும். ஆண்குரலின் அடிச்சுரமோ அந்த மடிப்புகளைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். நீரின் ஒலி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் எங்கும் பரவியிருக்க, பேச்சு மட்டும் பேசுகிறவரின் வாயிலேயே நிற்கும். தச்சர்கள் இதை எண்ணித்தான் செய்தார்கள் என்று நான் வாதாடமாட்டேன். மெய்நிகர் மாதிரியில் மடிப்புகளை மழுங்கடித்து வெறும் குழிவாக வைத்துவிட்டால் இந்த வித்தியாசம் போய்விடும் என்று மட்டும் சொல்லலாம். பார்வைக்குப் போதும் என்று வரைகலைக்காரர்கள் குறைக்கும் முக்கோணங்கள் ஒலிக்குத் தேவைப்படுகின்றன.

காற்று இதைவிடத் தந்திரமானது. அது ஏறிப்போகும் சுவர்க்குழாயை இரண்டு முனையும் திறந்த 10 மீட்டர் உயரக் குழாய் என்று வைத்துக்கொண்டால், அது தன் இயல்பில் அதிரும் அடிச்சுருதி 17 ஹெர்ட்ஸ் சுற்று. மனிதக் காது 20-க்குக் கீழே கேட்பதில்லை. ஹெட்போனும் அதைத் தராது. ஆனால் அதன் மடங்குகள் 34, 51, 69, 86 என்று ஏறும்போது காதின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. மின்னணு நாதம் ஒன்று வேண்டுமென்றால் அதை ஏதோ ஒரு சி மைனரில் வைக்காமல் குழாயின் இந்த மடங்குகளில் சுருதி சேர்க்கலாம். தம்புராவுக்குப் பழகிய காதுக்கு இது புரியச் சிரமமில்லை. நான்கு தந்தியை மீட்டும்போது மீட்டாத சுரங்கள் எழுந்து மிதக்கின்றன. பாடகர் அதன்மேல் நிற்கிறார், அதைக் கேட்பதாக நினைப்பதுகூட இல்லை. பெங்களூர் ராடெல் நிறுவனத்தின் ராஜ் நாராயண் 1979-இல் அதை மின்னணுப் பெட்டியில் அடைத்தார். இன்று கச்சேரி மேடையில் ஓயாமல் ஒலிக்கும் அந்தப் பெட்டியை ஆம்பியன்ட் மின்னணு இசை என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் தவறுமில்லை.

எந்த ஊர் இசை?

அரபுச் சாயலுக்கு ஊது வாசிக்கலாமா என்ற கேள்வி விவாதமாகவே இருக்கிறது. சிசிலியின் நார்மன் அரசவையில் அரபு, கிரேக்கம், லத்தீன் மூன்றும் புழங்கின; 1184-85 குளிர்காலத்தில் சிசிலிக்கு வந்த பயணி இப்னு ஜுபைர், கிறிஸ்தவ அரசரின் அவையில் முஸ்லிம்கள் நிறைந்திருந்ததை வியப்போடு எழுதியிருக்கிறார். ஆகவே ஊது அங்கே அந்நியம் இல்லை. சிக்கல் வேறு. ஊது கேட்ட மாத்திரத்தில் கேட்பவர் ‘ஓ, கிழக்கு’ என்று முடிவுகட்டிவிட்டுக் காதை மூடிக்கொள்கிறார். கோயில் காணொளிகளில் வீணை செய்வதும் அதுவே. கருவியை வைப்பதானால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஒருவர் உட்கார்ந்து வாசிப்பதாக வைக்கலாம், காற்றில் தூவக்கூடாது.

பலெர்மோவுக்கு இதைவிட நெருங்கிய ஒரு வழி அந்த ஊரிலேயே இருக்கிறது. 1960 முதல் 1968 வரை அங்கே நடந்த சர்வதேசப் புதிய இசை வாரங்கள் ஐரோப்பாவின் துணிச்சலான இசையை அந்தத் தெற்குத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தன. அந்த விழாவில் பதினைந்து வயதில் அறிமுகமானவர் 1947-இல் அதே ஊரில் பிறந்த சல்வத்தோரே ஷாரினோ. அவருடைய இசையில் புல்லாங்குழல் பாடுவதைவிட மூச்சு விடுவது அதிகம். சுரம் மௌனத்தின் விளிம்பிலேயே நிற்கும். மெய்நிகர்ச் சீசாவுக்கு ஒரு குரு வேண்டுமென்றால் நான் ஈனோவைவிட ஷாரினோவையே காட்டுவேன். கேட்பவரின் சொந்த மூச்சும் ஹெட்செட்டின் உராய்வும் இசையோடு சேர்ந்தே ஒலிக்கும் சாதனத்துக்கு, அந்த அளவு மெல்லிய எழுத்துதான் பொருந்தும்.

இந்தியாவில் மின்னணு இசையின் முதல் அடி பலர் நினைப்பதைவிட முந்தியது. 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார். அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் பதிந்த நாடாக்கள் பல்லாண்டு அலமாரியில் தூங்கி, பால் பர்கஸ் என்ற ஆய்வாளரின் முயற்சியால் 2023-இல் வெளியுலகுக்கு வந்தன. அதில் ஜின்ராஜ் ஜோஷிபுரா என்ற இளைஞர் செய்த ஒரு படைப்பின் பெயர் ‘ஸ்பேஸ் லைனர் 2001’. போகாத ஓர் இடத்துக்கு, இல்லாத ஒரு கப்பலுக்கு அன்றே ஒலி அமைத்திருக்கிறார்.

இன்னொரு கட்சி, இன்றைய சீசாவையும் விடக்கூடாது என்கிறது. ஸ்கூட்டர் சத்தம், பள்ளி விடும் நேரம், ஆலைக் கொட்டகையில் ஒத்திகை எல்லாம் வேண்டும் என்று. 1980-களிலிருந்து போர் துரத்தி வந்த ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பலெர்மோவில் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரினோ மலைமேல் சாந்தா ரோசாலியாவின் குகைக் கோயிலுக்கு, சைவரும் கத்தோலிக்கருமாக ஏறிப்போகிறார்கள். தமிழ்ப் பேச்சும் இன்று அந்த ஊரின் ஒலிதான். எனக்கு இந்தக் கட்சியில் பாதி சம்மதம். கூடத்துக்குள் அல்ல, வளைவுக்கு வெளியே அதற்கு இடம் தரலாம். திறந்த வாசல் வழியே ஒலி போகுமென்றால் வரவும் வேண்டுமல்லவா.

மிச்சமிருப்பது கூட்டமாக வருகிறவர்களின் பிரச்சினை. 2016-இல் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டில் 65டேஸ்ஆஃப்ஸ்டாட்டிக் குழு தந்த இசைத்துண்டுகளை, பால் வியர் அமைத்த ஒரு பொறி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாகக் கோத்துக் கொடுக்கிறது. தனியே அலைபவருக்கு அது சரி. ஒரே மெய்நிகர்க் கூடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் பலெர்மோவிலிருந்து அவர் அக்காவும் சேர்ந்து நின்றால், இருவருக்கும் ஒரே குமிழி ஒரே நேரத்தில் வெடிக்க வேண்டும். இல்லையென்றால் ‘இப்ப கேட்டதா?’ என்று ஒருவர் மற்றவரிடம் கேட்க முடியாது. இதற்கு ஒலியை இணையத்தில் அனுப்பத் தேவையில்லை. தற்செயலைப் பிறப்பிக்கும் ஒரு விதை எண்ணையும் கடிகாரத்தையும் இருவர் கருவிக்கும் பொதுவாக்கினால் போதும். இரண்டு இடத்திலும் ஒரே நீர் ஓடும். பல மென்பொருள்களில், யாராவது பேசத் தொடங்கியதும் பின்னணியைத் தானாகத் தாழ்த்தும் ஏற்பாடு முன்கூட்டியே போட்டிருக்கும். சீசாவுக்கு அதை அணைத்துவிட வேண்டும். அங்கே பேச வேண்டியிருந்தவர்கள் நீரை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஓரடி நெருங்கி வந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் தன் அக்கா சொல்வது காதில் விழவில்லையென்றால் கூடத்துக்குள் ஓரடி நடந்து போகட்டும்.